அவியல் களிம்பு

படர்தாமரை! இவ்வளவு அழகான பெயரை இவ்வளவு அரிக்கும் நோய்க்கு வைத்தார்களே என்று தாமரை கோபித்துக்கொண்டாலும் வியப்பில்லை. வட்டமாகத் தோன்றி, ஓரம் சிவந்து தடித்து, நடுவே தெளிந்து, நாளுக்கு நாள் படர்வதைக் கண்டே அப்பெயர் வைத்திருக்க வேண்டும். நம் விடுதியில் இத்தாமரை பூக்காத அறை அரிது என்றால் மிகையாகாது. வியர்வை, சரியாக உலராத துணி, இறுக்கமான கால்சட்டை, நால்வருக்கு ஒரு துண்டு. பூஞ்சைக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேறு உண்டோ?

நோய் வந்தவர் மருத்துவரிடம் போவதில்லை. மாலையில் மருந்துக்கடைக்குப் போய், கூட்டம் குறையும்வரை நின்று, "அண்ணே, அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்கிறார். ஒரு டியூப் கைக்கு வருகிறது. மூன்றாம் நாள் அரிப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. கைராசிக்காரக் கடை என்று அடுத்த அறைக்கும் புகழ் பரவுகிறது. இந்தக் கைராசியைத்தான் நான் குறை கூறுகிறேன்.

அந்த டியூபின் மேல் பொடி எழுத்தில் இருப்பதை எத்தனை பேர் படித்திருப்போம்? பல ஆண்டுகள் அமோகமாக விற்ற ஒரு கூட்டில் நான்கு மருந்துகள் இருந்தன. டெர்பினஃபின் பூஞ்சையைக் கொல்வது. தேவையானது அது ஒன்றுதான். ஆஃப்லாக்சசின் பாக்டீரியாவைக் கொல்வது. படர்தாமரையில் அதற்கு வேலையில்லை. ஆர்னிடசோல், அமீபாவால் வரும் வயிற்றுக்கடுப்புக்கு மாத்திரையாகத் தரப்படுவது! தொடையிடுக்கில் அதற்கு என்ன வேலையோ, செய்தவருக்கே வெளிச்சம். நான்காவது குளோபெட்டசால், மிக வீரியமான ஸ்டீராய்டு. பல காய் சேர்ந்தால் அவியல் மணக்கும். மருந்தை அப்படிச் சேர்க்கலாமா?

மூன்றாம் நாள் அதிசயத்தைச் செய்தது அந்த ஸ்டீராய்டே. சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடல் நடத்தும் போரின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போரை அடக்கிவிடுகிறது. அரிப்பு நின்றதும் நாமும் களிம்பை நிறுத்துகிறோம். எஞ்சிய பூஞ்சை எதிர்ப்பின்றி வளர்கிறது. சில வாரங்களில் இரு மடங்காகத் திரும்புகிறது. மறுபடி அதே டியூப். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, வரிவரியாகத் தழும்பு விழும், அத்தழும்பு மறையாது. வட்ட வடிவமும் கலைந்துபோவதால், கடைசியில் மருத்துவரிடம் போனாலும் அவரே அடையாளம் காணத் திணறுகிறார்.

2018-இல் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதித்தது. இத்தகைய களிம்புகள் சிலவும் அவற்றுள் அடங்கும். அதே ஆண்டில் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்றும் ஆணையிட்டது. எனினும் வேறு பெயர்களில் வேறு கூட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. இதற்கிடையில், டெர்பினஃபினுக்கும் எளிதில் அடங்காத ஒரு பூஞ்சை இனம் நம் நாட்டில் பரவியுள்ளது. 2020-இல் அதற்கு இட்ட பெயர் டிரைக்கோபைட்டன் இண்டோடினியே. பெயரிலேயே இந்தியா! இந்தப் பெருமை நமக்குத் தேவைதானா? கண்டபடி பூசிய கூட்டுக் களிம்புகளுக்கும் இதில் பங்குண்டு என்பது தோல் மருத்துவர் பலரின் கருத்து.

கடையில் கேட்டே ஆகவேண்டுமென்றால் ஒற்றை மருந்தைப் பெயர் சொல்லிக் கேட்போம். சிறிய படர்தாமரைக்கும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கும் குளோட்ரிமசோல் ஒரு சதவீதக் களிம்பு உண்டு. வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துப் பூச வேண்டும். மறைந்த பின்னும் இரண்டு வாரம் விடக்கூடாது. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும் சிரங்கு பாக்டீரியாவின் வேலை. அதற்கு முபிரோசின் போன்றவை வேறு; அவற்றை மருத்துவர் சொல்லியே பூச வேண்டும். நோய் பரவியிருந்தாலும், திரும்பத் திரும்ப வந்தாலும் களிம்பு போதாது, மாத்திரை வேண்டியிருக்கும்.

எது பூஞ்சை என்று ஐயமா? தோலைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரிந்துவிடும். ரொட்டிப் பூஞ்சையை வரைந்து மதிப்பெண் வாங்கும் தாவரவியல் மாணவர்களாகிய நாமே, நம் தோலில் வளர்வதை மட்டும் கடைக்காரரின் யூகத்துக்கு விட்டுவிடுகிறோம்.

அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, கட்டணமும் இல்லை. ஆனால் சீட்டுக் கொடுப்பது காலையில், வகுப்பும் காலையில். வருகைப் பதிவு குறையுமே என்ற அச்சமும், இடம் காட்டக் கூச்சமும் சேர்ந்தே மாணவனை மாலைக் கடைக்கு அனுப்புகின்றன. கூச்சத்தை நாங்கள் விட்டுவிடுகிறோம். ஒருநாள் காலை இரண்டு மணி நேர அனுமதியை, காரணம் துருவிக் கேட்காமல், பேராசிரியப் பெருமக்கள் தந்துதவ வேண்டும்.