கடல் ஒதுக்கும் கூளம்

வரிப்பத்தான்சேனை கடலூர் அன்று, வயலூர். இறக்காமக் குளத்து நீரும் நெல்லும் எருமையுமே எங்கள் உலகம். கடலைக் காண வேண்டுமாயின் நிந்தவூருக்கோ ஒலுவிலுக்கோ போதல் வேண்டும். அவ்வாறு ஒரு வாடைக் காலத்தின் இறுதியில் மாணவர் நாற்பதின்மரை அழைத்துக்கொண்டு கடற்கரையைத் துப்புரவு செய்யச் சென்றேன். போத்தலும் பொலித்தீனும் அறுந்த வலைத் துண்டும் பொறுக்கி முடிந்தன. அதன் பின் அலை கொண்டுவந்து ஒதுக்கியிருந்த பாசியையும் செத்தையையும் வாரிக் குவித்துத் தீ மூட்டுமாறு பணித்தேன். ஈரப்பாசி எரியவில்லை, புகைந்தது. கரையோ வழித்தெடுத்த தட்டுப்போல் ஆயிற்று. மாணவர் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன்.

கரைவலைக்கு வந்திருந்த முதியவர் ஒருவர் மட்டும் மகிழவில்லை. "பிளாஸ்டிக்க அள்ளினீங்க, நல்லம் சேர். பாசிய ஏன் அள்ளினீங்க? அது கடல்ட சாப்பாடு" என்றார். "அழுகியதை யார் தின்பார், காக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு வலை இழுக்கப் போய்விட்டார். அவர் சொல்லாது விட்ட விடையைத் தேடிப் படித்த பின்னரே என் பிழை எனக்கு விளங்கியது.

குளிர்ந்த கடல்களில் கெல்ப் என்னும் பெரும்பாசி உண்டு. நோர்வே, சிலி, கலிபோர்னியா, தென்னாபிரிக்காவின் மேற்குக் கரை ஆகிய இடங்களில் அது பாறையைப் பற்றிக்கொண்டு காடுபோல் நிற்கும். நமது வெதுவெதுப்பான கடலில் அது வளர்வதில்லை. எனினும் இப்பொருளை ஆராய்ந்தோர் பெரிதும் அதனைக் கொண்டே ஆராய்ந்தனர். ஆதலின் அதனை முதலிற் சொல்கிறேன்.

கெல்ப்பின் இலை அடியில் வளரும், நுனியில் தேயும். ஒரு தலைப்பில் பின்னிக்கொண்டிருக்க, மறு தலைப்பில் பிரிந்துகொண்டிருக்கும் பாயை நினைத்துக்கொள்ளலாம். கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையில் இதனை அளந்து 1973 இல் எழுதிய கென்னத் மான், ஓராண்டிலேயே அவ்விலை பலமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதைக் காட்டினார். அங்ஙனமாயின், தேய்ந்தது எங்கே போயிற்று? உலகின் பல கரைகளில் எடுத்த அளவுகளை 2012 இல் தொகுத்து நோக்கியோர், கெல்ப் ஆக்கும் பொருளில் நூற்றுக்கு ஏறக்குறைய 82 பங்கு பச்சையாக உண்ணப்படாமல் கூளமாகவே பிரிந்து செல்கிறது என்றனர். மேய்வதற்கு எஞ்சுவது சிறு பங்கே. பிரிந்த துணுக்குகளின்மேல் பற்றீரியா படர்கின்றது. படர்ந்த பின் அத்துணுக்கு முன்னையிலும் சத்துடையதாகின்றது. அதனை மட்டி நீரோடு வடித்துண்ணும். நீரோட்டம் அதனை இருண்ட ஆழத்துக்கும் கொண்டுசெல்லும். ஒளி புகாத அவ்விடத்தில் செடி ஏது? மேலிருந்து விழுவதே அங்கு உணவு.

இதற்கு அலூசியன் தீவுகளில் அழகான சான்று ஒன்று கிடைத்தது. அலாஸ்காவைச் சார்ந்த அத்தீவுகளுட் சிலவற்றில் கடல்நீர்நாய்கள் உண்டு, சிலவற்றில் இல்லை. கெல்ப்பைக் கடித்தறுக்கும் முள்ளெலிபோன்ற கடலுயிரை நீர்நாய் தின்றுவிடுவதால், நீர்நாயுள்ள தீவுகளைச் சுற்றிக் கெல்ப் செழித்திருந்தது. அங்கு வாழ்ந்த மட்டியும் பாறையொட்டி உயிர்களும் ஏனைய தீவுகளில் உள்ளவற்றைவிட 2 முதல் 5 மடங்கு விரைவாக வளர்ந்தமை 1989 இல் வெளியிடப்பட்டது. அவற்றின் தசையிலிருந்த கரியை ஆராய்ந்தபோது அது கெல்ப்பிலிருந்து வந்தமையும் புலனாயிற்று. மட்டி கெல்ப்பைக் கடித்ததில்லை; அது உதிர்த்ததை உண்டது.

நம் கரைக்கு வருவோம். கெல்ப் இல்லையென்றாலும் கட்டக்கோரை இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக்குநீரிணையிலும் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. களப்போரங்களில் கண்டல் நிற்கிறது. நெய்தற்றிணையின் கருப்பொருள் சொல்லும்போது கண்டலைப் பெயரளவிற் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதன் உதிர்ந்த இலை சேற்றில் மக்கி, இறாலுக்கும் நண்டுக்கும் மணலை மீனுக்கும் இரையாவதை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. கரையில் ஒதுங்கிய பாசியோ நத்தைக்கும் மணலில் தத்தும் சிறு பூச்சிக்கும் இல்லமும் உணவும் ஆகும். அப்பூச்சியைக் கொத்தவே, வடதிசையிலிருந்து வாடையோடு வரும் உள்ளான்கள் அலைவிளிம்பில் ஓடித் திரிகின்றன. எஞ்சியதைப் பெருநீர் மீண்டும் கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். நான் தீயிட்டது இத்தனை பேருடைய பந்தியை.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கமக்காரர் இதனை முன்னரே அறிந்திருந்தனர். கரையில் ஒதுங்கும் சாதாளையை வண்டியில் ஏற்றிவந்து தோட்டத்திலே பசளையாகத் தாழ்ப்பது அவர்கள் வழக்கம். எம் வயற்காரரும் வைக்கோலைக் குப்பை என்னார். கூளம் என்னும் சொல்லையே பாருங்கள். மாட்டுக்கு இடும் நொறுங்கிய வைக்கோலும் கூளம். கூட்டித் தள்ளும் செத்தையும் கூளம். ஒரே சொல்லில் இரையும் குப்பையும் ஒன்றாக நிற்கின்றன. அறிவியற் பாடத்துக்குப் புதுச் சொல் தேடி அலைவோர் இதனைக் கருதிப் பார்க்கலாம். கடற்கூளம் என்றால் எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும். பிரிகையாக்கிகள் எங்கே வேலை செய்கின்றன என்பதும் கூடவே விளங்கும்.

பாசி நாறுகிறதே, அதில் பிளாஸ்டிக் சிக்கியிருக்கிறதே என்பார் உளர். நாற்றம் உண்டு, மறுக்கவில்லை. கரீபியன் கரைகளில் 2011 முதல் மலைபோல் ஒதுங்கிவரும் மிதவைப் பாசியை அகற்றாமல் அங்குள்ளோர் மூச்சுவிடவும் இயலாது. அது வேறு, எங்கள் கரையில் ஒரு முழ அகலத்துக்குக் கிடக்கும் வரி வேறு. பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, கையாற் பொறுக்குவதொன்றே வழி. நேரம் செல்லும், முதுகு வலிக்கும். வாருகோலும் உழவு இயந்திரமும் கொண்டு ஒரு மணி நேரத்தில் கரையை வெளுப்பாக்கிப் படம் பிடித்துக்கொள்வது எளிது. அப்படிப்பட்ட படம் ஒன்று என் மேசையிலும் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளும் நானும், பின்னால் புகையும்.

வருகின்ற மாசியில் மீண்டும் நிந்தவூருக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். பைகள் மட்டும் எடுத்துச் செல்வோம். வாருகோல்கள் பாடசாலையிலேயே இருக்கும். அந்தக் காக்கா கரைவலைக்கு வந்திருப்பாராயின், பாசியைப் புரட்டி அதனடியில் உள்ளவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டும்படி அவரையே கேட்கப்போகிறேன்.