முடிச்சு எங்கே இருக்கிறது?

"வேலை பிடிக்கவில்லை, விட்டுவிட்டும் போக முடியவில்லை." பஞ்சாலை கேட்டிலும் வயல் வரப்பிலும் இந்தப் பேச்சை நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் சொல்கிறார்கள். இருபது வருஷம் ரிங் பிரேமில் நின்று கால் வீங்கிய சைடர் சொல்கிறார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போனவர் சொல்கிறார்.

இவர்களுக்கு உபதேசம் செய்ய ஆள் பஞ்சமில்லை. "கிடைத்ததில் திருப்திப்படு" என்கிறார் ஒருவர். "மனசை அடக்கு, எல்லாம் சரியாகும்" என்கிறார் இன்னொருவர். "பிடிக்காவிட்டால் போய்க்கொள், வெளியே நூறு பேர் நிற்கிறார்கள்" என்கிறார் மேஸ்திரி. ஏன் போக முடியவில்லை என்று மட்டும் இவர்களில் ஒருவரும் கேட்பதில்லை. இந்த மனிதனை அந்த வேலையோடு கட்டிப் போட்டிருப்பது எது? அந்த முடிச்சு எங்கே இருக்கிறது? அதைத்தான் நாம் கேட்க விரும்புகிறோம்.

கீழத் தஞ்சைப் பண்ணையாளின் கதையை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் வயலில் இறங்கி, இருட்டிய பிறகு கரையேறினான். சுணங்கினால் சவுக்கடி, எதிர்த்தால் சாணிப்பால். பிடித்தா அந்த வேலையைச் செய்தான்? பின் ஏன் வேறு ஊருக்குப் போகவில்லை? அவனை இரண்டு முடிச்சுகள் கட்டியிருந்தன. ஒன்று, கல்யாணத்துக்கும் சாவுக்கும் மிராசுதாரிடம் வாங்கிய கடன். கடனைத் தீர்க்காமல் போகக்கூடாது. கிடைக்கும் கூலியில் அது தீரவும் தீராது. மற்றொன்று, குடிசை நின்ற மனை. அதுவும் மிராசுதாருடையது. காலையில் களத்துமேட்டில் வாய் திறந்தால் மாலையில் பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும்.

1940-களில் கன்னட நாட்டிலிருந்து வந்த தோழர் பி. சீனிவாசராவும் அவரோடு சேர்ந்தவர்களும் சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டினார்கள். சவுக்கடியையும் சாணிப்பாலையும் சங்கம் நிறுத்தியது. நினைத்தவுடன் ஆளை விரட்டுவதற்குத் தடை போட்டு 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. கூலி உயர்வு கேட்டதற்கு விவசாயத் தொழிலாளி கொடுத்த விலை அது. 1971-இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. குடிசை நின்ற மனை, குடியிருந்தவனுக்கே சொந்தம் என்றாயிற்று. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது; ஆளைக் கட்டி வைத்திருந்த கடனே செல்லாது என்றாயிற்று.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மனை சொந்தமான பிறகும் பெரும்பாலோர் அதே வயலில்தான் இறங்கினார்கள். சேறு மாறவில்லை, வெயில் மாறவில்லை, குனிந்து நடும் முதுகின் வலியும் மாறவில்லை. ஆனால் கூலி பேசும்போது நிமிர்ந்து நின்று பேசினார்கள். வீடு போய்விடும் என்ற பயம் இருக்கும்போது பேசுவது ஒரு மாதிரி. அந்தப் பயம் நீங்கிய பிறகு பேசுவது வேறு மாதிரி. விட்டுப் போக முடியும் என்ற நிலை வந்தால்தான், விட்டுப் போகாமலே மரியாதையோடு வேலை செய்யவும் முடியும்.

இனி மில்லுக்கு வருவோம். இங்கே முடிச்சுகள் வேறு.

முதல் முடிச்சு, முடிவில் தருவதாகச் சொல்லும் மொத்தப் பணம். சுமங்கலித் திட்டம் என்ற மங்களகரமான பெயரில் ஏழைப் பெண்களைப் பஞ்சாலைகளுக்கு அழைத்து வந்தார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை. நடுவில் போனால் அது கைக்கு வராது. அந்தத் தொகை முதலாளி தரும் சீதனமா? இல்லை, அவள் உழைத்து ஈட்டிய கூலியிலிருந்து பிடித்து வைத்தது. பெயரை மாற்றிக்கொண்டு இதே ஏற்பாடு எங்கே தலைகாட்டினாலும் அதன் உள்ளே இருப்பது இந்த முடிச்சுதான். சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தடி எடுத்து அடிப்பது மட்டும் நிர்ப்பந்தமல்ல, வறுமையின் நெருக்கடியும் நிர்ப்பந்தமே என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. மகளை மில்லுக்கு அனுப்பும் ஒவ்வொரு தாய் தகப்பனும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது முடிச்சு, பணிக்கொடை. 1972-இல் வந்த சட்டப்படி, நிரந்தரத் தொழிலாளி ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்து விலகினால், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் பெற உரிமை உண்டு. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த ஐந்து வருஷக் கணக்கு நீடிக்கிறது. நாலு வருஷம் முடிந்த நிலையில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுக்கொண்டு, "போங்கடா, நீங்களும் உங்கள் வேலையும்" என்று அடையாள அட்டையை வீசிவிட்டு வருகிறவர் யாருக்கு லாபம் செய்கிறார்? கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தப்பித்த முதலாளிக்கு. கோபம் நியாயமானதுதான். அதற்காக அன்று வரை உழைத்த உழைப்பின் பலனைத் தூக்கி எறிந்துவிட்டு வரலாமா?

மூன்றாவது முடிச்சு, வாரத் தவணைக் கடன். வேலை போனால் அடுத்த வாரம் தவணைக்காரன் வாசலில் நிற்பான் என்ற பயம், மேஸ்திரியின் அதட்டலைவிடப் பெரிய காவல்காரன். சிக்கன நாணயக் கூட்டுறவுச் சங்கம் நன்றாக நடக்கும் மில்லில் தொழிலாளி கந்துவட்டிக்குப் போவது குறையும். கூட்டுறவு, சங்க வேலையில் சேராது என்று நினைக்கும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நான்காவது, முடிச்சு என்றே தெரியாத முடிச்சு. வார லீவு முடிந்து வரும் முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, இயந்திரத்தின் பக்கம் போகவே மனம் வரவில்லை. இரண்டு நாளில் கொஞ்சம் தேவலை. "லீவு எடுத்த சோம்பல்" என்கிறார் மேஸ்திரி. தொழிலாளியும் தன்னையே நொந்துகொள்கிறார். இது சோம்பல் அல்ல, பஞ்சுத் தூசி நுரையீரலைத் தாக்கும் அறிகுறியாக இருக்கலாம். பிஸ்ஸினோசிஸ் என்று அதற்குப் பெயர். புளோரூமிலும் கார்டிங்கிலும் தூசி அதிகம், ஆபத்தும் அதிகம். தொழிலால் வரும் நோய் என்று சட்டத்தின் பட்டியலிலேயே ஏறிய நோய் அது. ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து விலக்கினால் குணமாகும். வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடும். வேறு வேலைக்குப் போகும் தெம்பும் போய்விடும். ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் "இருமல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை செய்கிறீர்கள், வாரத்தில் எந்த நாளில் மூச்சு முட்டுகிறது என்பதையும் சொல்லுங்கள்.

ஆகவே, வேலையை வெறுக்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்.

மனதில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த ஷிப்டு என்று எழுதுங்கள். எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். சட்டப்படி இன்றே கிடைக்க வேண்டியது ஒன்று: ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், வார விடுமுறை போன்றவை. எல்லோரும் சேர்ந்து பேசினால் கிடைக்கக்கூடியது இரண்டு: வேலைப் பளு, பதிலித் தொழிலாளிகளை நிரந்தரமாக்குவது. உங்களுக்கு மட்டும் உள்ளது மூன்று: கடன், உடம்பு, குடும்பத்தின் நெருக்கடி. எல்லாம் ஒரே பாரமாக நெஞ்சில் கிடக்கும்வரை எங்கே கை வைப்பது என்று தெரியாது. பிரித்துப் பார்த்தால் தெரியும்.

அந்த நோட்டைப் பக்கத்து மிஷின்காரருக்குக் காட்டுங்கள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொடி பேதமின்றி எதிர்த்தன. அந்த மே தினத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். லட்சம் பேர் தனித்தனியாக வீட்டில் புலம்பியிருந்தால் அது நடந்திருக்குமா?

மேஸ்திரி மேல் வந்த கோபத்தை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அவளும் பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்தவள்தான். மதுக்கடையிலும் இறக்காதீர்கள். அங்கே கொடுக்கும் காசு அடுத்த வாரத் தவணையை நெருக்கும். முடிச்சு இன்னும் இறுகும்.

வேறு நல்ல வேலை கிடைத்துப் போகிறவரைக் கோழை என்று யாரும் ஏச வேண்டாம். கணக்கைத் தீர்த்து, பாக்கியை வாங்கிக்கொண்டு, நாள் பார்த்துப் போகட்டும். அது அவருடைய உரிமை. அந்த உரிமை எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பதே நம் கட்சி.

சங்கம் வைத்தால் ரிங் பிரேமின் இரைச்சல் சங்கீதமாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் நின்றால் கால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் காலில் உள்ள வலி வேறு, கழுத்தில் உள்ள கயிறு வேறு. கயிற்றை அவிழ்க்க முடியும் என்பதற்குக் கீழத் தஞ்சையே சாட்சி.

இந்த வாரக் கிளைக் கூட்டங்களில் நீண்ட பிரசங்கம் வேண்டாம், தோழர்களே! வந்திருக்கும் ஒவ்வொருவரையும், முக்கியமாகப் பேசாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களை, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலையை நாளைக்கே விட முடியாதபடி உங்களைக் கட்டியிருப்பது எது?" வரும் பதில்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தக் கிளையின் வேலைத் திட்டம் அதுதான்.