துருவும் நானும்

பி.காம். படித்தவனை நம்பிக் கணக்கைக் கொடுக்கலாம். வண்டியைக் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு வரியோடு முடித்துக்கொண்டால் ஆசிரியர் சன்மானத்தையும் ஒரு வரிக்குத்தான் தருவார் என்பதால், விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மச்சினன் கோவளம் பக்கத்தில், ஈ.சி.ஆரை ஒட்டி ஒரு தென்னந்தோப்பில், நாலு ஏ.டி.வி. வைத்து வாடகைக்கு விடுகிறான். ஏ.டி.வி. தெரியுமில்லையா? ஸ்கூட்டருக்கும் டிராக்டருக்கும் காதல் கல்யாணம் நடந்து பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். நாலு குண்டுச் சக்கரம், நடுவில் சீட், பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார். சனி, ஞாயிறில் சாஃப்ட்வேர் பையன்கள் வருவார்கள். மணலில் ரெண்டு ரவுண்டு அடிப்பார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்கள் போய்விடுவார்கள், வண்டியில் ஒட்டின உப்பு போகாது.

கல்லூரியில் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஸ்ட்ரெய்ட் லைன் முறை, ரிட்டன் டவுன் வேல்யூ முறை என்று ரெண்டு வகை. கடற்காற்று இந்த ரெண்டையும் படிக்கவில்லை. அதற்குத் தனி முறை. இரும்பும் தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்துகொண்டால் அதே வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். ரெண்டே வருஷத்தில் வண்டிகளின் ஃபுட்ரெஸ்ட் எல்லாம் முறுக்கு மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் உதிர்ந்தது.

"மாமா, நீங்கதான் ஏதாவது வழி சொல்லணும்" என்றான் மச்சினன். 2022 செப்டம்பர். மழைக்கு இன்னும் ஒரு மாசம்.

நான் படித்தேன், விசாரித்தேன், கண்டுபிடித்தேன். அமெரிக்காவில் பிக்கப் லாரி வைத்திருப்பவர்கள், பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டி கீறாமல், துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு அடிக்கிறார்கள். தொட்டிக்கு அவர்கள் ஊரில் பெயர் 'பெட்'. பூச்சுக்குப் பெயர் 'பெட்லைனர்'. காய்ந்த பிறகு கெட்டி ரப்பர் மாதிரி, சொரசொரவென்று, கறுப்பாக இருக்கும். கல் அடித்தாலும் பெயராது. அங்கே ஏ.டி.வி. வைத்திருப்பவர்களும் ஃப்ரேம், ரேக், ஃபுட்ரெஸ்ட், அடித்தகடு என்று எல்லாவற்றுக்கும் இதையே அடித்துக்கொள்கிறார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் பெருமையாகச் சொன்னேன்: "பெட்லைனர் வாங்கப் போறேன்."

"நல்லதாப் போச்சு. அந்த மெத்தை உறை கிழிஞ்சு ஆறு மாசமாச்சு" என்றாள் மனைவி.

இந்தப் பூச்சில் ரெண்டு ஜாதி. ஒன்று, பெரிய பட்டறைகளில் அடிப்பது. ரெண்டு திரவங்களைச் சூடாக்கி, அதிக அழுத்தத்தில், துப்பாக்கி முனையில் கலந்து பீய்ச்சுவார்கள். சில விநாடிகளில் கெட்டியாகிவிடும். அதற்கு மிஷின் வேண்டும். இன்னொன்று நம்மைப் போன்ற ஏழைகளுக்கு. பாட்டிலில் மூன்று பங்கு ரெசின், ஒரு பங்கு ஹார்டனர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, சாதாரண கம்ப்ரஸரில் துப்பாக்கியை மாட்டி அடிக்க வேண்டியதுதான். கலந்த பிறகு சுமார் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும்.

எஸ்டிமேட் போட்டேன். கிட், தின்னர், உப்புத்தாள், மாஸ்கிங் டேப், கூலி. கடைசி வரியில் 'ஸ்பிரே மாஸ்க், கார்ட்ரிட்ஜோடு, ரூ.3,000.' மொத்தத்தைக் கூட்டினேன். மச்சினன் முகம் ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்துக் கடைசி வரியை அடித்தேன். வீட்டில் கொரோனா காலத்து நீல மாஸ்க் ஒரு டப்பா மிச்சம் இருந்தது. செலவு பூஜ்யம். என்னைப் படிக்கவைத்த அப்பா பார்த்திருந்தால் பூரித்திருப்பார்.

ஸ்பிரே அடிக்க ஒரு தம்பி இருந்தான். இருபது வயசு இருக்கும். பஞ்சர் ஒட்டுவான், ஆயில் மாற்றுவான், டிக்கெட் கிழிப்பான். 'இதுவும் அடிச்சுடலாம் சார்' என்றான். காற்று வந்தால் மணல் ஒட்டிவிடும் என்று ஷெட்டின் ஷட்டரை இறக்கச் சொன்னவன் நான்.

முதல் வண்டி சாயங்காலம் முடிந்தது. என்ன அழகு! புது எருமை மாதிரி பளபளத்தது. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு போன்.

"மாமா, பையனுக்கு மூச்சு விட முடியல. விசில் மாதிரி சத்தம் வருது."

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்திருந்தார்கள். டாக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எதை அடிச்சான்?" போனில் ஹார்டனர் டப்பாவின் போட்டோ இருந்தது. அழகாக இருக்கிறதே என்று எடுத்தது. அப்போதுதான் முதல்முறையாகப் பெரிதாக்கிப் படித்தேன். ஐசோசயனேட்.

அந்த வார்த்தையை நம் ஊரில் மறந்திருக்க மாட்டோம். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மீதைல் ஐசோசயனேட். அதுவும் இதுவும் ஒன்றல்ல, ஒன்றுவிட்ட சொந்தம். அது நொடியில் ஆவியாகிற திரவம். இது ஸ்பிரே அடிக்கும்போது மட்டும் பனி மாதிரி காற்றில் மிதக்கும். காய்ந்து முடிந்த பூச்சு ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பனி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். உடனே தெரியாமல், பல மணி நேரம் கழித்து ராத்திரியிலும் வரும். ஒருமுறை உடம்பு அதைப் பகையாளியாகக் குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த தடவை துளி போதும்.

"மாஸ்க் போட்டிருந்தானா?"

"போட்டிருந்தான் டாக்டர்... நீல மாஸ்க்."

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நீல மாஸ்க் தும்மலைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பட்டதாரியான எனக்கும் தெரியும். மூவாயிரம் ரூபாய் நடுவில் வந்து மறைத்துவிட்டது.

விடியற்காலையில் மூச்சு சீரானது. தம்பி என்னைப் பார்த்துக் கேட்டான்:

"சார், வேலையை விட்டு நிறுத்திடுவீங்களா?"

திட்டுவான் என்று எதிர்பார்த்துப் பதில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். இதற்குப் பதில் தயாராக இல்லை. வெளியே போய் டீ வாங்கி வந்தேன்.

இனி பூச்சின் கதை. ஒரு வாரத்தில் ஃப்ரேமில் அங்கங்கே ஆப்பம் மாதிரி கொப்புளம். காரணம், அந்த ஹார்டனருக்கு ஈரத்தைக் கண்டால் ஆகாது. தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பிக் குமிழ் போடும். கடற்கரையில், சாயங்காலக் காற்றில், நாங்கள் அதற்கு ஈரத்தை விருந்தாகவே வைத்திருந்தோம். பிளாஸ்டிக் மட்கார்டில் அடித்தது தோசை மாதிரி முழுசாக உரிந்து கையோடு வந்தது. அந்த வகை பிளாஸ்டிக்கில் எதுவும் லேசில் ஒட்டாது. முதலில் ஒட்டவைக்கும் பிரைமர் அடிக்க வேண்டுமாம். ஃபுட்ரெஸ்ட்டில் துருவைச் சுரண்டாமல் மேலேயே அடித்திருந்தோம். கரையான் அரித்த கதவுக்குப் பெயின்ட் அடித்த கதைதான். வெளியே பளபளப்பு, உள்ளே உப்புத் தண்ணீர் காய வழியில்லாமல் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது.

மீதி மூன்று வண்டிகளை மாமல்லபுரம் ரோட்டில் ஒரு கார் பெயின்ட் பட்டறையில் அடித்தோம். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அறை. அடிப்பவர் முகத்தில் குழாய் வழியாக வெளிக்காற்று வருகிற முகமூடி. மரியாதையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு துருவை உலோகம் தெரியும்வரை எடுக்க வேண்டும். உப்பு செய்த வேலையை உப்புத்தாளால்தான் சரிசெய்ய முடியும். தின்னரில் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். போல்ட் மரை, பேரிங், பிரேக், எர்த் ஒயர் பிடிக்கும் இடம், தண்ணீர் வடியும் ஓட்டை எல்லாவற்றையும் டேப்பால் மூட வேண்டும். இன்ஜின், ரேடியேட்டர், சைலன்ஸர் பக்கமே போகக் கூடாது. சூடு வெளியேற வேண்டிய இடங்கள் அவை. வறண்ட நாளில், மெல்லிசாக ரெண்டு கோட். ஒரு வாரம் வேலை கொடுக்காமல் விட வேண்டும்.

அந்த மூன்று வண்டிகளும் இன்று வரை ஃபுட்ரெஸ்ட்டோடு ஓடுகின்றன. முதல் வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது.

தம்பிக்கு மறுபடி வீசிங் வரவில்லை. ஸ்பிரே பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கல்லாவில் உட்காரவைத்துக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன். பற்று, வரவு, பேரேடு. என்னைவிட நன்றாகவே எழுதுகிறான். கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் ஒன்றும் வாங்கி ஷெட்டில் மாட்டியிருக்கிறோம், யாராவது எதையாவது அடிக்க வேண்டி வந்தால் என்று.

போன மார்ச்சில் வருஷக் கணக்கை முடிக்கப் போயிருந்தேன். பேரேட்டில் அந்த மாஸ்க் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று தேடினேன். கம்பெனிச் செலவில் இல்லை. ரிப்பேரில் இல்லை. கடைசிப் பக்கத்தில், என் பெயரில் தனியாக ஒரு கணக்கு திறந்து, குண்டுகுண்டான கையெழுத்தில் ஒரே ஒரு பதிவு:

'மாஸ்க், ரூ.3,000. சார் தரணும்.'

கொடுத்துவிட்டேன்.