ஒரு ஜோடி வளையலும் அரை ஸென்டிமீட்டரும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சைக் காகிதங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் தமக்கையின் மகள் வந்து சேர்ந்தாள். அவளுக்கு வயது 31, பாங்கியில் உத்தியோகம், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. வந்தவள் க்ஷேமம் விசாரித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சிறு துணி முடிச்சை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தேன். அவளுடைய வளைகாப்பின்போது தாய்மாமன் என்ற முறையில் நான் போட்ட இரண்டு தங்க வளையல்கள்!

"மாமா, இவற்றை அடகு வைக்கப் போகிறேன். நீங்கள் போட்ட நகை. உங்களிடம் சொல்லாமல் செய்வது நன்றாயிராது" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதா, குழந்தைக்கு ஏதாவது உடம்பா என்று பதறிப்போய்க் கேட்டேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, செல்போனில் ஒரு விளம்பரத்தை எடுத்து என் முன் நீட்டினாள். கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், பட்டினியும் வேண்டாம். சாய்வு நாற்காலியில் படுத்துக் கதைப் புஸ்தகம் படிக்கிற நேரத்துக்குள் வயிற்றுக் கொழுப்பைக் குளிரால் கரைத்து விடுகிறோம் என்பது அதன் சாராம்சம். "முன்", "பின்" என்று இரண்டு படங்கள் வேறு. கட்டணத் தொகை என்னுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேலேயே இருந்தது.

உபதேசம் செய்ய ஒரு சந்தர்ப்பம் வாய்த்தால் உபாத்தியாயர் விட்டுவிடுவாரா? "அம்மா, அழகு என்பது உள்ளத்தில் இருப்பது" என்று ஆரம்பித்தேன். அவள் என் தலையை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். "மாதம் தவறாமல் தலைக்குச் சாயம் பூசிக்கொள்கிறீர்களே, மாமா, அந்த அழகு எங்கே இருக்கிறது?" என்றாள். உபதேசம் அத்துடன் முற்றுப்பெற்றது.

"எனக்கு ஒரு வாரம் தவணை கொடு. படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் அறிந்துகொண்டவை, இதே யோசனையில் இருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடவேண்டும். இது வெறும் புரட்டு அல்ல. இதற்குப் பின்னால் மெய்யான ஆராய்ச்சி இருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் பூர்வ கதை ஒரு குச்சி ஐஸில் ஆரம்பமாகிறது.

1970-ஆம் வருஷம் இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஒரு வைத்தியப் பத்திரிகையில் ஒரு குறிப்பு எழுதினார்கள். குச்சி ஐஸ் சப்பிய குழந்தையின் கன்னம் சிவந்து தடித்துப் போயிற்று. சோதித்துப் பார்த்ததில், மேல் தோல் சௌக்கியமாக இருக்க, அதன் அடியிலுள்ள கொழுப்பு மட்டுமே குளிரால் நலிந்திருந்தது. பின்னால், குளிர்காலத்தில் நெடு நேரம் குதிரைச் சவாரி செய்த பெண்களின் தொடையிலும் இதைப் போலவே கண்டார்கள்.

காரணம் நமக்குப் புதிதல்ல. மார்கழி மாதத்து விடியற்காலையில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே குடத்துத் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். உடம்பிலும் அப்படித்தான். தோலையும் தசையையும் கெடுக்காத குளிரிலேயே கொழுப்புச் செல்கள் தாங்கமாட்டாமல் நலிந்து விடுகின்றன.

இந்த உண்மையைக் கருவியாக்க முடியுமா என்று பாஸ்டன் நகரத்திலுள்ள மாஸச்சூஸெட்ஸ் பொது ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்ஸன் என்னும் இரு டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். பன்றிகளின்மேல் சோதனை செய்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 2010-ல் இடுப்பின் பக்கச் சதைக்கும், 2012-ல் வயிற்றுக்கும் இந்த யந்திரத்தை உபயோகிக்க அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. 'கூல்ஸ்கல்ப்டிங்' என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. டாக்டர்கள் இதற்கு இட்ட பெயர் 'க்ரையோலிபோலிஸிஸ்'. குளிரால் கொழுப்பைக் கரைத்தல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

யந்திரத்தின் வாய் ஒரு கிண்ணம் போல் இருக்கும். அது சதையை உறிஞ்சி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி வரையில் குளிர வைக்கும். உடனே ஒன்றும் தெரியாது. நலிந்த செல்கள் சாவகாசமாக மடியும். உடம்பின் துப்புரவுப் படை அவற்றை இரண்டு மூன்று மாதங்களில் அப்புறப்படுத்தும். லேஸர் சூட்டினாலும், ஒலியலைகளினாலும் இதே காரியத்தைச் செய்யும் யந்திரங்களும் உண்டு. இரட்டை மோவாய்க்கு, பித்த நீரில் இருக்கும் அமிலம் ஒன்றை ஊசியாகப் போடும் முறைக்கு 2015-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அனுமதி பெறாத கொழுப்புக் கரைப்பு ஊசிகளைப் பற்றி 2023-ல் அதே நிர்வாகம் எச்சரிக்கை விட நேர்ந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, எவ்வளவு குறையும்? நல்ல பலன் கண்ட இடத்தில், கொழுப்புப் படலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். படலத்தின் கனம் இரண்டரை ஸென்டிமீட்டர் என்றால், அது இரண்டு ஸென்டிமீட்டர் ஆகும். அதாவது, ஒரு ஜோடி வளையலுக்கு அரை ஸென்டிமீட்டர்! தராசு முள்ளோ அநேகமாக அசையவே அசையாது.

"போகட்டும், தேகப்பயிற்சி செய்து கரைக்கலாமே!" என்பார்கள் சிலர். என் மருமகள் அதையும் செய்து பார்த்திருக்கிறாள். தினம் ஐம்பது தடவை படுத்து எழுந்தாளாம். வயிறு இருந்தபடியே இருந்ததாம். அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. 1971-ல் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் கைகளை அளந்து பார்த்தார்கள். ஓயாமல் மட்டையைப் பிடித்து வீசும் கையில் தசை பெருத்திருந்தது. ஆனால் தோலடிக் கொழுப்பு மற்றக் கையில் இருந்த அளவே இருந்தது. எந்த இடத்துக் கொழுப்பை எப்போது செலவழிப்பது என்று உடம்பு தீர்மானிக்கிறதே தவிர, நாம் அசைக்கிற இடம் தீர்மானிப்பதில்லை. அதிலும் பெண்களின் இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு, கர்ப்ப காலத்துக்கும் பாலூட்டும் காலத்துக்கும் இயற்கை வைத்திருக்கும் சேமிப்பு. சேமிப்புக் கணக்கை இயற்கை அவ்வளவு சுலபமாக முடித்துக் கொடுத்து விடுமா?

*

இனி, கவனமாகப் படிக்கவேண்டிய இடம்.

நம் வயிற்றில் இரண்டு வகைக் கொழுப்பு உண்டு. ஒன்று, தோலுக்கு அடியில் இருப்பது. விரலால் கிள்ளிப் பிடிக்கலாம். இன்னொன்று, உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிப் படிந்திருப்பது; அதைக் கிள்ள முடியாது. நீரிழிவு, இருதய நோய் முதலியவற்றுக்கு முக்கியமாக வழி செய்வது இந்த இரண்டாவது வகைதான். யந்திரத்தின் கிண்ணத்துக்குள் அகப்படுவதோ முதல் வகை மட்டும். கண்ணாடியில் தெரியும் எதிரியோடு யுத்தம் செய்கிறோம்; கோட்டைக்குள் இருக்கும் எதிரி சுகமாக உட்கார்ந்திருக்கிறான்!

இது என் சொந்தக் கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரத்து டாக்டர்கள், உடல் பருத்த 15 பெண்களின் வயிற்றுத் தோலடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை சஸ்திர சிகிச்சையால் உறிஞ்சி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு சோதித்தால், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் ஆகிய ஒன்றிலும் அபிவிருத்தி இல்லை. 2004-ல் வெளியான முடிவு இது. பத்து கிலோ போனபோதே இப்படி என்றால், அரை ஸென்டிமீட்டரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? வாய்க் கட்டுப்பாட்டாலும் நடையாலும் எடை குறையும்போது நிலைமை வேறு. அப்போது உள்ளேயிருக்கும் கொழுப்பும் சேர்ந்து குறைகிறது. நம் தேசத்துப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 ஸென்டிமீட்டரைத் தாண்டினால் ஜாக்கிரதை வேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்த வரம்பு. அளப்பதற்குத் தையற்காரரின் நாடா போதும்.

அப்புறம் அபாயங்கள். சில நாள் வலி, கன்றிப்போதல், சில வாரம் மரத்துப்போதல் இவை சாதாரணம். அபூர்வமாக நேரும் ஒன்றுதான் விசித்திரமானது. கரையவேண்டிய கொழுப்பு கரையாமல், சில மாதங்களில் தடித்து இறுகி, யந்திரக் கிண்ணத்தின் வடிவத்திலேயே வெண்ணெய்க் கட்டியைப் போல் புடைத்துக்கொள்கிறது. 2014-ல் முதன் முதலாக டாக்டர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். ஆயிரக்கணக்கானவற்றில் ஒன்று என்று யந்திரக் கம்பெனி கணக்குக் கொடுத்தது. அதைவிட அதிகம் என்று வேறு டாக்டர்கள் எழுதினார்கள். அது தானாக வற்றாது. எந்தக் கத்திக்குப் பயந்து இந்தச் சிகிச்சைக்குப் போனோமோ, அந்தக் கத்தியிடமே திரும்பப் போகவேண்டும்.

லிண்டா இவாஞ்சலிஸ்டா என்ற பெயரை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கானடா தேசத்தில் பிறந்து, 1990-களில் உலகத்து நாகரிகப் பத்திரிகைகளின் அட்டைகளையெல்லாம் அலங்கரித்த அழகி. 2015, 2016 வருஷங்களில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்ட அவருக்கு மேலே சொன்ன விபரீதம் நேர்ந்தது. இரண்டு முறை சஸ்திர சிகிச்சை செய்தும் சரியாகவில்லை. ஐந்து வருஷம் வெளியே தலை காட்டாமல் இருந்து, 2021-ல் பகிரங்கமாகச் சொல்லி வழக்குத் தொடுத்தார். 2022-ல் வழக்கு சமரசமாக முடிந்தது. அழகுக்கே இலக்கணமாகக் கொண்டாடப்பட்டவருக்கும் தம் உடம்பில் குறை தெரிந்தது என்பதுதான் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது.

அரசாங்க அனுமதி உள்ள யந்திரத்துக்கே இப்படி. அது இல்லாத காலத்துக் கதையும் ஒன்று உண்டு. 1949 முதல் அமெரிக்காவில் 'ரிலாக்ஸஸைஸர்' என்ற மின்சாரப் பெட்டி விற்பனையாயிற்று. சிரமமில்லாமல் இடுப்பு குறையும் என்று நம்பி நாலு லட்சம் பேர் வாங்கினார்கள். கர்ப்பிணிகளுக்கும், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் அது அபாயம் என்று 1970-ல் நீதிமன்றம் கண்டு விற்பனையைத் தடுத்தது. அதற்குள் இருபது வருஷம் ஓடிவிட்டது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, எனக்கு இருதய நோய் தீரவேண்டும் என்று நான் கேட்கவே இல்லையே. கல்யாண வீட்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா?" என்றாள்.

எனக்கு நினைவில்லை. அவள் நினைவுபடுத்தினாள். தை மாதத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், உறவுக்கார அம்மாள் ஒருத்தி அவள் வயிற்றைப் பார்த்து, "இரண்டாவது எப்போது? எத்தனை மாதம்?" என்று உரக்கக் கேட்டாளாம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம்.

"நீங்களும் சிரித்தீர்கள், மாமா."

நேயர்களே, ஒரு வாரம் படித்துச் சேர்த்த பாண்டித்தியமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நிற்கவில்லை. வளையலை அடகுக் கடை வரைக்கும் கொண்டுபோனது விளம்பரம் மட்டுமல்ல. நாங்கள் சிரித்த சிரிப்பும்தான். "தப்புத்தான், அம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பிறகு ஒரே ஒரு காரியம் கேட்டேன். பணம் கட்டுவதற்கு முன், அந்த நிலையத்தோடு சம்பந்தமில்லாத ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று. குடலிறக்கம் இருந்தாலும், குளிர் பட்டால் இரத்தத்தில் கோளாறு உண்டாகும் சில வியாதிகள் இருந்தாலும் இந்தச் சிகிச்சை கூடாது என்று படித்திருந்தேன். அவள் சம்மதித்தாள். அவளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாளிடமே போனாள்.

டாக்டரம்மாள் அவளை மல்லாந்து படுக்கச் சொல்லி, தலையைச் சற்றே உயர்த்தச் சொல்லி, தொப்புளுக்கு மேலே நடு வயிற்றில் விரல் வைத்துப் பார்த்தாராம். மூன்று விரல் உள்ளே இறங்கிற்றாம். கர்ப்ப காலத்தில் வயிற்றுத் தசைகள் இரண்டும் நடுவிலே விலகி, பிரசவத்துக்குப் பின் முழுதும் சேராமல் நின்றுவிட்டன. வயிறு முன் தள்ளியிருப்பதில் பெரும் பங்கு அதுதான், கொழுப்பு கொஞ்சம்தான். விலகிய தசையை எந்தக் குளிரும் சேர்த்து வைக்காது. படுத்து எழும் பயிற்சியும் இந்த நிலையில் தகாது என்று நிறுத்தச் சொல்லி, தகுந்த பயிற்சிகளைக் கற்றுத்தர ஒரு பிஸியோதெரபிஸ்டிடம் அனுப்பியிருக்கிறார். பிரசவமான பெண்களில் எத்தனையோ பேருக்கு இது உண்டாம். ஆனால் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. பந்தியில் கேலி செய்கிறவர்களுக்கும் தெரிவதில்லை.

இப்போது அவள் அந்தப் பயிற்சிகளைச் செய்து வருகிறாள். "ஆறு மாதம் பார்க்கிறேன். அதற்கப்புறமும் வேண்டும் என்று தோன்றினால், என் சம்பளத்தில் சேர்த்துச் செய்துகொள்வேன். நீங்கள் ஒன்றும் சொல்லக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சொல்லமாட்டேன். அவள் உடம்பு, அவள் சம்பளம். சிகிச்சை செய்பவர் பதிவு பெற்ற டாக்டர்தானா, யந்திரம் அசல்தானா, விபரீதம் நேர்ந்தால் செலவு யாருடையது என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வளையல்கள் மறுபடியும் அவள் கையில் ஏறிவிட்டன.

கொழுப்பைக் குறைக்கக் குளிர் இருக்கிறது, சூடு இருக்கிறது, ஊசி இருக்கிறது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற நம்முடைய வாயைக் குறைக்கத்தான் இன்னும் ஒரு யந்திரம் வரவில்லை. வரும் வரையில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.