ட்ரையல் லாட்டின் நட்டம் யார் கணக்கில்?

2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நாட்களை நம் தொழிலில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டுக்கு நாம் கொடுத்த விலை அது. அதன்பின் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று கோடிகளைக் கொட்டினோம். செய்ய வேண்டியதைத்தான் செய்தோம். ஆனால் அந்த முதலீடெல்லாம் குழாயின் கடைசி முனையில் நிற்கிறது. சாயம் ஏற்றும் பாத்திலேயே எதைக் குறைக்கலாம் என்ற கேள்வி பல பட்டறைகளில் இன்னும் மிஷின் பக்கம் போகவில்லை.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயத்தில் அடர் ஷேடு ஏற்ற லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல் உப்புப் போடுகிறோம். சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டு அத்தனை உப்பும் கழிவுநீரோடு போய்விடுகிறது. எவாப்பரேட்டரில் விறகு எரித்து நாம் பிரித்தெடுப்பது அதைத்தான். எந்த வாஷ் வீண், பிளீச்சுக்குப் பின் மிஞ்சும் பெராக்சைடை என்சைம் போட்டு முறித்தால் எத்தனை தண்ணீர் மிச்சம் என்பதெல்லாம் நைட் ஷிப்ட் ஆப்பரேட்டருக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்க மாட்டார். ஷேடு தப்பினால் திட்டு அவருக்கு, சில இடங்களில் சம்பளப் பிடித்தமும் அவருக்கு. டையிங் மாஸ்டர் பழைய ரெசிபியை விடாமல் பிடித்திருப்பதும் இதே பயத்தில்தான்.

ஊழியர்கள் வாய் திறந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனத்தில் 1975-இல் ஜோசப் லிங் என்ற பொறியாளர் ஒரு திட்டத்தை முன்னின்று தொடங்கினார். மாசைச் சுத்திகரிப்பதைவிட உண்டாகாமல் தடுப்பதே லாபம் என்பது அதன் அடிப்படை. யோசனைகளை ஊழியர்களே தாமாக முன்வந்து கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் வந்தன. நிர்வாகம் பின்னால் நின்றதால்தான் வந்தன என்று நினைக்கிறேன். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டு உறுதிமொழி எடுப்பதால் மட்டும் இப்படி யோசனைகள் வந்துவிடாது.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு லாட்டில் புது யோசனையைச் சோதிக்க விட்டு, அந்த ட்ரையல் லாட்டை உங்கள் கணக்கில் எழுதுங்கள். அது கெட்டால் யாரையும் கேள்வி கேட்பதில்லை என்று ஆப்பரேட்டர்கள் முன்னிலையில் சொல்லுங்கள். தேறினால் ரெசிபி கார்டில் யோசனை சொன்னவர் பெயரைப் போடுங்கள். தேறியதோ தேறாததோ, அந்த லாட்டின் விவரத்தை எங்களுக்கு எழுதுங்கள். இரண்டுக்கும் இந்த இதழில் இடம் உண்டு.