பச்சைமலைக்கு ஒரு சரணாலய அறிவிக்கை

தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலர் அவர்களுக்கு,

திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பச்சைமலையின் காப்புக்காடுகளை, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரே சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்பதும், அவ்வறிவிக்கை வெளிவருவதற்கு முன்பே மலைவாழ் மக்களின் வன உரிமைகள் பட்டாவாக அவர்கள் கைக்குச் சேர வேண்டும் என்பதுமே இம்மடலின் வேண்டுகோள்.

பச்சைமலை ஏற்கெனவே காப்புக்காடுதானே, அதற்கு மேல் என்ன காப்பு வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. காப்புக்காடு என்பது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின்படி, தனியார் உரிமைகளை விசாரித்து முடிவுசெய்தபின் அரசு தன் உடைமையாக எல்லையிட்டு வைத்த காடு. மரமும் விறகும் அரசின் வருவாயாக எண்ணப்பட்ட காலத்தில் பிறந்த அச்சட்டம், யார் வெட்டலாம், யார் வெட்டக்கூடாது என்பதைச் சொல்கிறதே தவிர, காடு எதற்காகக் காடாகவே நீடிக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அக்குறையை 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் பெருமளவு ஈடுசெய்தது. மத்திய அரசின் முன்னனுமதியின்றி வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முடியாத நிலை அதனால்தான் வந்தது. ஆனால் 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, அரசுக்குச் சொந்தமான விலங்குக் காட்சிசாலையும் சஃபாரியும் வனம் சாராப் பயன்பாடு என்ற வரையறையிலிருந்து விலக்கப்பட்டன. அவ்விலக்கு சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தாது, வெறும் காப்புக்காடுகளுக்கோ பொருந்தும். இன்று பச்சைமலை நிற்பது அந்த இரண்டாம் வரிசையில்.

சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நிலத்தின் எல்லையை, தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரையின்றி மாநில அரசே நினைத்தாலும் மாற்ற முடியாது. சரணாலய எல்லைக்குள்ளும் அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம் வரையிலும் சுரங்கத் தொழில் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதிசெய்திருப்பது, கல் குவாரிகள் மலிந்த பெரம்பலூர் வட்டாரத்தை ஒட்டிய ஒரு மலைக்கு எவ்வளவு பெரிய அரண் என்பதைத் தங்கள் துறைக்கு விளக்க வேண்டியதில்லை. வழியும் கடினமானதன்று: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 26அ பிரிவு, காப்புக்காட்டில் அடங்கிய நிலத்தை, உரிமை விசாரணையை மீண்டும் முதலிலிருந்து நடத்தாமல், அறிவிக்கை ஒன்றின் மூலமே சரணாலயமாக்க இடமளிக்கிறது.

எனினும் அந்த எளிமையில்தான் கவனம் வேண்டும். அமெரிக்கா 1964இல் இயற்றிய வனாந்தரச் சட்டம், மனிதர் வந்துசெல்பவராக மட்டுமே இருக்கும் நிலத்தைக் கற்பனை செய்தது. பச்சைமலைக்கு அக்கற்பனை பொருந்தாது. வண்ணாடு, கோம்பை, தென்புறநாடு எனத் தம் நிலத்தை நாடுகளாகப் பிரித்து வாழும் மலையாளிப் பழங்குடியினர் அங்கே மரவள்ளி பயிரிட்டும், காட்டை நம்பியும் வாழ்கின்றனர். சரணாலயத்துக்குள் வனப் பொருள்களை விற்பனைக்காக எடுப்பதை வன உயிரினச் சட்டம் தடுக்கிறது. ஆனால் தேன், புளி, கடுக்காய் முதலிய சிறு வன மகசூலின் மீது பழங்குடியினருக்கு உடைமையுரிமை உண்டு என்கிறது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சரணாலயங்களில் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தடை விதித்ததும் சேர்ந்துகொள்ள, சரணாலயம் என்ற சொல்லே மலைமக்களுக்கு அச்சம் தருவதில் வியப்பில்லை. கிராம சபைகள் கூடி, தனிநபர் உரிமைகளையும் சமூக உரிமைகளையும் முதலில் எழுத்தில் உறுதிசெய்துவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமிராது. மேலாண்மைத் திட்டம் தீட்டும்போது கிராம சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று வன உயிரினச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் கூறுவதால், இது சலுகையன்று, கடமை.

உயிரினங்களைக் காக்கப் பூங்காக்கள் போதாவா என்றும் கேட்கப்படலாம். திருவரங்கத்தை அடுத்த மேலூரில், மேல் அணைக்கட்டுக் காப்புக்காட்டில், சுமார் 25 ஏக்கரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா நல்ல முயற்சியே. திருச்சியின் பிள்ளைகள் புழுவும் கூட்டுப்புழுவும் எப்படியிருக்கும் என்பதை அங்கே நேரில் காண்கின்றனர். ஆயினும் தேன்செடிகளையும் புழு உண்ணும் செடிகளையும் ஆட்கள் நட்டு, நீரூற்றிக் காக்கும் தோட்டம் அது. பச்சைமலையின் அடிவாரத்து முட்புதர்க்காட்டிலிருந்து மேலே இலையுதிர்காடுவரை உயரத்துக்கேற்ப மாறிச்செல்லும் வாழிடத்தை எந்தப் பூங்காவும் தர இயலாது. அம்மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கித் துறையூர், உப்பிலியபுரம் பகுதி ஏரிகளுக்கு வந்து சேர்கிறது. மேலே காடு குறைந்தால் கீழே ஏரியில் வண்டல் மிகும், கிணறு வற்றும்.

பச்சைமலை மூன்று மாவட்டங்களின் வனக்கோட்டங்களில் பிரிந்து கிடப்பது தடையென்று கருதப்படலாம். ஆனால் கரூர், திண்டுக்கல் என்னும் இரு மாவட்டங்களில் பரவிய 11,806 எக்டேர் காட்டை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது தங்கள் துறையே. அதற்கு அடுத்த மாதமே காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு விரைவைக் காட்டிய துறை, பச்சைமலைக்கெனப் பொறுப்பலுவலர் ஒருவரை நியமித்து, மூன்று கோட்டங்களின் காப்புக்காட்டு எல்லைகளையும் ஒரே வரைபடத்தில் சேர்க்குமாறும், மலைமேல் உள்ள ஊர்களையும் விளைநிலங்களையும் அவ்வரைபடத்தில் தெளிவாக விலக்கிக் காட்டுமாறும், அதன் தமிழ்ப் படியை ஒவ்வொரு கிராம சபையின் முன்னும் வைத்தபின் அறிவிக்கையை வெளியிடுமாறும் இம்மடல் வேண்டுகிறது.