மலைக்குடிலில் ஓர் இரவு

எம் துறை மாணவர் நாற்பதின்மர் ஏலகிரி மலையில் ஓரிரவு குடில்களில் தங்கி இலக்கிய முகாம் நடத்த விழைகின்றனர். செய்தி வெளிப்பட்டதும் இரு குரல்கள் எழுந்தன. "ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு?" என்றனர் பெரியோர். "சுற்றுலா நடத்துவோரிடம் பணத்தைக் கட்டிவிட்டால் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்றனர் இளையோர். இவ்விரண்டும் எமக்கு உடன்பாடல்ல. முகாமைத் திட்டமிடும் பணியை மாணவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதே எம் கருத்து.

பெரியோரின் அச்சம் பொருளற்றதன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளைஞர். அக்கொடுந்துயருக்குப் பின், அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு விதிகளை வகுத்தது. ஆயினும் விதிகள் ஏட்டில் இருந்தால் மட்டும் போதா. செல்வோர் நெஞ்சிலும் இருத்தல் வேண்டும்.

தமிழ் பயில்வோர்க்கு இதற்கான வழிகாட்டி கையிலேயே உள்ளது. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார் திருவள்ளுவர். தேர்வுக்காக மனனம் செய்யும் இத்தலைப்புகளை ஒரு முறையேனும் வாழ்வில் பயன்படுத்திப் பார்க்கலாமே!

வலியறிதல் என்பது உடன் வருவோரை அறிதல். ஆஸ்துமா உடையவர் யார், வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர் யார் என்பன முன்பே குறித்து வைக்கப்படல் வேண்டும். பணவலியும் வலியே. நாட்கூலி பெறும் தந்தையின் மகன் கட்டணத்திற்கு அஞ்சி, "எனக்கு வர விருப்பமில்லை" என்று பொய்யுரைத்து ஒதுங்குவானாயின், அம்முகாம் புறப்படுமுன்பே தோற்றுவிட்டது. அத்தகையோர் செலவைப் பிறர் அறியாவண்ணம் பொதுக்கணக்கில் ஏற்பதற்கும் திட்டத்தில் இடம் வேண்டும்.

காலமறிதல் என்பது காடு காய்ந்து கிடக்கும் கோடையையும், பாதை வழுக்கும் கனமழை நாட்களையும் தவிர்த்தல். இருள் கவியுமுன் குடில் சேர்தலும் இதன்பாற்படும்.

இடனறிதல் என்பது முன்கூட்டியே இருவர் சென்று பார்த்து வருதல். ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுடையது. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர், வள்ளல் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளமை எம் மாணவர்க்கு இனிக்கும். ஆனால் மாணவியர்க்குத் தனிக்குடில் உண்டா, உடன் பேராசிரியை தங்க இடமுண்டா, கதவின் தாழ் உறுதியானதா, குடிநீர் எங்கே, அவசரத்திற்கு இரவு முழுதும் வண்டி நிற்குமா என்பனவே முதலில் காண வேண்டியவை. குளிருக்கு அஞ்சி மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டுவது பெருந்தீங்கு. அதனின்று எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். இதனை ஒவ்வொரு மாணவரும் அறிந்தே மலையேற வேண்டும்.

இவற்றையெல்லாம் ஆசிரியரே செய்துவிடலாகாதா எனின், செய்யலாம். ஆனால் மாணவர்க்கு ஊர் பார்த்த நினைவே எஞ்சும். 1907இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் சோதனை முகாமில் சிறுவர் ஏறத்தாழ இருபதின்மரே. அவர்களை நான்கு அணிகளாக்கி, அணிக்கொரு சிறுவனையே தலைவனாக்கினார். பொறுப்பை ஏற்றோரே பொறுப்பைக் கற்கின்றனர். சமையலுக்கு ஓர் அணி, கணக்கிற்கு ஓர் அணி, முதலுதவிக்கு ஓர் அணி, வண்டிக்கும் தங்குமிடத்திற்கும் ஓர் அணி என எம் மாணவரும் பிரிந்து உழைக்கட்டும். கணக்கணி ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டுக் காட்டட்டும். பிழை நேரின் திருத்துவதும், தீங்கு நேருமெனில் தடுப்பதும் ஆசிரியர் கடன். இறுதிப் பொறுப்பு என்றும் எம்முடையதே; அதனை மாணவர் தோளில் ஏற்றிவிட்டு யாம் ஒதுங்கோம்.

பெற்றோரையும் பெரியோரையும் யாம் வேண்டுவது ஒன்றே. பிள்ளைகள் இசைவு கேட்டு வருகையில் உடனே மறுக்காதீர். உடனே இசையவும் வேண்டா. "உங்கள் திட்டத்தை எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று கூறுங்கள். எழுதி வந்ததைப் படித்து, குறுக்குக் கேள்விகள் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளைகளை அனுப்புங்கள்; தெரியாதோர் கற்று வரட்டும். மலை எங்கும் ஓடிவிடாது. நாளை ஒரு குடும்பத்தையும் ஊரையும் நடத்தப்போகும் இவர்கள், ஓரிரவை நடத்த இன்று கற்றல் நன்றன்றோ?